சறுக்குமரத்தைச் சுற்றி

“முப்பத்து நாலு” என்று நோட்டில் எழுதினான் மகாராஜன். நகராட்சிப் பூங்காவின் சறுக்குமரத்தை அவனுடைய நாலு வயது மகள் தர்ஷினி அத்தனை தடவை சுற்றிவிட்டாள். ஒரு தடவைகூட ஏறிச் சறுக்கவில்லை.

சங்கரன்கோவில் பிள்ளைகள் எல்லாம் ஊஞ்சலுக்கு அடித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டு அபிஷேக், “ஏட்டி, சறுக்க வா” என்று அவள் கையைப் பிடித்து இழுத்தான். உதறிவிட்டு நடந்தாள், வாயைத் திறக்கவில்லை.

‘கூப்பிட்டால் திரும்புவதில்லை. யாரோடும் சேர்வதில்லை.’ பெற்ற பிள்ளை மேலேயே குற்றப்பத்திரிகை எழுதினான் மகாராஜன். பள்ளிக்கூடத்து மிஸ் சந்தேகம் கிளப்ப, திருநெல்வேலி டாக்டர், “விளையாட விட்டு, செய்யுததை எல்லாம் எழுதிட்டு வாங்க” என்று சொல்லியிருந்தார். நாளைக் காலையில் நோட்டைக் காட்டியாக வேண்டும். காட்டினால் இந்தப் பள்ளிக்கூடம் அவளுக்கு இல்லையென்று ஆகிவிடுமோ?

“சுத்துததை எழுதாதீங்க” என்றாள் அவன் மனைவி பொன்மணி. சிமெண்ட் பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். இரண்டு உள்ளங்காலிலும் கொப்புளம்.

“எழுதாம என்ன செய்ய? நேத்து வரைக்கும் இப்படிச் சுத்தலையே.”

“எல்லாம் என்னாலதான். இவ நல்லா பேசணும்னு, கோயிலை நூத்தியெட்டுச் சுத்து சுத்துதேன்னு கோமதியம்மனுக்கு நேந்தேன். இன்னைக்கு இவளைத் தூண் பக்கம் உக்கார வச்சுட்டு, யாரோடயும் பேசாமச் சுத்துனேன். அறுபத்தெட்டுலயே முடியலன்னு உக்காந்துட்டேன். அம்மன் கோவிச்சுக்கிட்டு இவளைச் சுத்த விடுதா.” முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

“கிறுக்கு மாதிரிப் பேசாத” என்று அதட்டினான். அவனுக்கும் பயம்தான்.

ஒவ்வொரு சுற்று முடிந்ததும் தர்ஷினி கவுன் பாக்கெட்டிலிருந்து எதையோ எடுத்துச் சறுக்குமரத்தடியில் வைத்தாள். ‘பொருள்களை வரிசையாக அடுக்குகிறாள்.’ டாக்டர் கேட்ட கேள்விகளில் அதுவும் இருந்தது. அதையும் எழுதினான்.

நாற்பதாவது சுற்றில் அவனால் பொறுக்க முடியவில்லை. ஓடிப்போய்த் தோளைப் பிடித்தான்.

“மக்கா, அப்பா கூப்பிடுதது கேக்கலையா?”

அவள் உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள். பிடியை விடுவித்துக்கொண்டு, மிச்சமிருந்த நாலடியையும் நடந்தாள். பாக்கெட்டைத் துழாவி, கடைசியாகக் கிடந்ததை எடுத்து வரிசையில் வைத்தாள். புளியங்கொட்டை. பொன்மணி எண்ணிக்கை தப்பாமல் இருக்கக் காலையில் கோயிலுக்குக் கொண்டுபோனதில் மீந்தது.

அதற்குப் பிறகுதான் வாயைத் திறந்தாள்.

“அம்மாவுக்குக் கால் வலிக்குல்லாப்பா, மீதிய நான் சுத்திட்டேன்.”