ஆமையின் முதல் சவாரி

ஆற்றங்கரையில் மணவாளன் என்றோர் ஆமை இருந்தது. ஆளேற்றி நீந்தத் தெரியும் என்று யானையிடம் லைசென்ஸ் வாங்கிய நாளிலிருந்து அதற்குக் கால் தரையில் பாவவில்லை. ஆனால் தண்ணீரில் இறங்கப் போனதுமே துறையைக் காக்கும் நாரை மறித்தது.

“பர்மிட் எங்கேய்யா?”

“லைசென்ஸ் இருக்கே!”

“அது உனக்கு ஓட்டத் தெரியும்னு சொல்லும். இந்த ஆத்துல ஓட்டலாம்னு பர்மிட்தான் சொல்லணும்.”

ஆமை நாரையின் பின்னாலேயே அலைந்து பர்மிட்டும் வாங்கியது. அசதியில் கரையிலேயே தூங்கிவிட்டு விழித்தால், முதுகில் ஓர் அணில்! முதல் பயணி கிடைத்த குஷியில் ஆற்றில் பாய்ந்தது. நடு ஆற்றில் அணில் அலறியது.

“ஐயோ, எங்கே போறீங்க?”

“அக்கரைக்கு. பயப்படாதே தாயி, லைசென்ஸ், பர்மிட் ரெண்டும் இருக்கு.”

“என் பர்மிஷன்? நான் வெயில் காயத்தானே உட்கார்ந்தேன்!”

ஆமையின் தலை ஓட்டுக்குள் போய்விட்டது. கொஞ்ச நேரம் கழித்து மெல்ல எட்டிப் பார்த்து, “அக்கரைக்குப் போகலாமா, திரும்பிடவா?” என்று கேட்டது.

அக்கரை மாமரத்தில் பழங்கள் மஞ்சள் மஞ்சளாகத் தொங்குவதை அணில் பார்த்தது.

“இப்போ கேட்டீங்க பாருங்க, அது மரியாதை. சீக்கிரம் போங்க!”