ஒரு குரல் மட்டும்

முதலில் கீரியைத்தான் சந்தேகப்பட்டது கோழி. சாம்பல் மேட்டில் புரண்டுவிட்டு வந்து பார்த்தால், குஞ்சைக் காணோம்.

அது வாத்துக் குஞ்சுதான். ஆனால் அந்த முட்டையை இருபத்தெட்டு நாள் அடைகாத்துப் பொரித்தது கோழி.

குளத்தில் எட்டிப் பார்த்தது. ஒரு வாத்தின் வாலையொட்டிக் குஞ்சு நீந்திக்கொண்டிருந்தது. கோழி கத்திய கத்தலில் காவல் நாய் ஓடி வந்தது.

"என்னை ஏன் அப்படிப் பார்க்கிறீங்க அண்ணே?" என்றது வாத்து. "நான் கரையேறவே இல்லை. தொடலை, இழுக்கலை, மிரட்டலை. தண்ணியில இருந்தே ஒரு குரல் கொடுத்தேன். அதுவா வந்துச்சு."

"ஆமா மாமா, நானாத்தான் வந்தேன்," என்றது குஞ்சு.

"உனக்கு இறகு முளைச்சிருச்சா?" என்று கேட்டது நாய்.

"இன்னும் இல்லை."

"அப்போ நீ இன்னும் சின்னப் பிள்ளை. நீ சொல்றது கணக்கில்லை."

"முட்டை போட்டவ நான்!" என்று சிலிர்த்தது வாத்து.

"சேத்துல போட்டுட்டுப் போனவ நீ," என்றது கோழி. "என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா, நானே தண்ணி வரைக்கும் கூட்டிட்டு வந்திருப்பேனே."

நாய் வாத்தையே உற்றுப் பார்த்தது.

"கோழி தினமும் குஞ்சோட இந்தக் கரையிலதான் மேயுது. நீயும் இங்கேதான் மிதக்கிறே. அப்போல்லாம் கொடுக்காத குரலை, அவ அந்தப் பக்கம் போனதும் ஏன் கொடுத்தே?"

வாத்து இரை தேடுவதுபோலத் தலையைத் தண்ணீருக்குள் விட்டது. வெகுநேரம் வெளியே எடுக்கவே இல்லை.