எனக்கு ஒன்றும் ஆட்சேபம் இல்லை

சுப்பராயன் எழுந்து போய்த் தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்தினார்.

"ஜனங்க காதுல விழுந்துடப் போவுது."

மணி இரண்டரை. நகரசபைத் தேர்தலுக்கு முதலியார்பேட்டையில் யாரை நிறுத்துவது என்று முடிவு செய்து, நாலு மணிக்குள் மேரி என்கிற நகரசபை ஆபீசில் மனுவைக் கொடுத்தாக வேண்டும். கட்சிக் கமிட்டியில் ஏழு பேர். எட்டாவதாக அஞ்சலாட்சி. பி.ஏ. படித்தவள் என்று குறிப்பு எழுத உட்கார வைத்திருந்தார்கள். அவளுக்கு ஓட்டுக் கிடையாது.

மனுவில் கமலவேணியின் பெயரை எழுதியவள் அவள்தான்.

கமலவேணி சேரிக்காரி. மில்லில் கூலி. பிரெஞ்சுக்காரன் கப்பல் ஏறி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவன் போலீஸ் வீடு வீடாகத் தேடிய நாளில் இந்தக் கமிட்டியில் பாதிப் பேர் எல்லை தாண்டிக் கடலூர்ப் பக்கம் ஒளிந்தார்கள். கமலவேணி ஊருக்குள் நின்று கொடி பிடித்தாள், அடி வாங்கினாள். இப்போது கதவுக்கு வெளியே காத்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு இன்னாம்மா ஆட்சேபம்? அவ கையால தண்ணி வாங்கிக் குடிச்சவன் நான்" என்றார் சுப்பராயன். "ஜனங்க ஒத்துக்க மாட்டாங்களே."

ராமலிங்கத்துக்கும் ஆட்சேபம் இல்லை. அவருடைய தெருதான் ஒத்துக்காதாம். அரிகிருஷ்ணனுக்குத் துளியும் இல்லை. ஆனால் கல் விழும், கூரை எரியும், முன்மொழிந்தவன் வீட்டுப் பெண்கள் தெருவில் தலைகாட்ட முடியாது என்று அடுக்கிக்கொண்டே போனார்.

ஜன்னலுக்கு அப்பால் காலடிச் சத்தம். ஒரு ஆளா, கும்பலா? தினம் பார்க்கிற முகங்களெல்லாம் கையில் கல்லோடு அஞ்சலாட்சியின் கண்முன் வந்து நின்றன. பயந்தால் அவளுக்குக் கோபம்தான் வரும்.

"அந்த ஜனங்க யாரு? பேரு சொல்லுங்க, நோட்டுல எழுதிக்கிறேன்."

"படிச்ச பொண்ணு கேக்குது, சொல்லுங்கப்பா" என்று ராமலிங்கம் சிரித்தார்.



பெயருக்குப் பதில் கை தூக்கச் சொன்னார்கள். மில்லுக்காரர்கள் மூன்று பேர் கமலவேணிக்குத் தூக்கினார்கள். சுப்பராயனும் ராமலிங்கமும் அரிகிருஷ்ணனும் தூக்கவில்லை. மிச்சம் இருந்தது ஒரே கை. சாமிக்கண்ணுவின் கை.

அஞ்சலாட்சியின் அப்பா.

தறியடியில் நின்றே முதுகு வளைந்த மனுஷன். பொட்டச்சிக்கு எதுக்குப் படிப்பு என்று சொந்தபந்தமெல்லாம் வாசலில் வந்து கத்தியபோது, எவன் பேச்சையும் காதில் வாங்காமல் அவளை மதராசுக்கு ரயிலேற்றியவர். அவர் தூக்குவார். தூக்காமல் இருந்துவிட்டால்? பிறந்ததிலிருந்து முதல் தடவையாக அப்பாவின் முகத்தைப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது.

அவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்கு ஒண்ணுமில்லீங்க. நாளைக்குக் கவுன்சிலருன்னு ஆயிட்டா கமலவேணி நம்ம வூட்டுக்குள்ள வரணும், போவணும். அதை எம் பொண்ணு ஒத்துக்க மாட்டா."

ஆறு தலைகளும் அவள் பக்கம் திரும்பின.

"பேரு கேட்டியேம்மா. எழுதிக்க" என்றார் அரிகிருஷ்ணன்.

இல்லை என்று ஒரு சொல் போதும். கமலவேணியின் மனு பிழைத்துவிடும். சொல்ல வாயெடுத்தவள் வாசல் பக்கம் திரும்பினாள். இப்போது ஜனங்களுக்கும் அவள் பயப்படவில்லை, அப்பாவுக்கும் பயப்படவில்லை. கதவு திறந்திருந்தது. அப்பா சொன்னதைக் கேட்டுவிட்டுக் கமலவேணி அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சரி, நேரமாவுது. அரிகிருஷ்ணன் பேரையே போட்டுடும்மா" என்றார் சுப்பராயன்.

அவள் பழைய பெயரை அடித்துவிட்டு எழுதினாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

நோட்டீஸ் கட்டோடு எத்தனையோ நாள் கமலவேணி அவள் வீட்டுக்கு வந்திருக்கிறாள். எல்லா நாளும் வாசலோடு, வெயிலில் நின்றபடியே பேசிவிட்டுத் திரும்பியிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் அஞ்சலாட்சி குரலைத் தாழ்த்தி அவளிடம் ஒன்றையே சொல்லியிருக்கிறாள்.

"எனக்கு ஒண்ணுமில்லக்கா. அப்பாதான் ஒத்துக்க மாட்டாரு."

அப்பாவை அவள் ஒருநாளும் கேட்டுப் பார்த்ததே இல்லை என்பது இப்போது கமலவேணிக்கும் தெரிந்துவிட்டது.