ஹனோவர் பார்சல்

என் அண்ணனை வெட்டுவதற்காக ரொசெந்தோ கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தபோதுதான் பார்சல் வந்தது.

மலையில் புதிதாகத் தோண்டியிருந்த சிலந்திப் பொந்துகளை அண்ணன் நபோர் படம்பிடித்து வன அதிகாரிகளுக்கு அனுப்பிவிட்டான். தோண்டியது என் புருஷன் ரொசெந்தோ. சோள அடை வாங்கப் போன இடத்தில் அவன் காதுக்குச் சேதி எட்டிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் முதல் அடி எனக்கு. கடைவாய்ப் பல் ஒன்று ஆட்டம் கண்டது. என் போனைப் பிடுங்கித் தண்ணீர்த் தொட்டியில் போட்டான்.

நபோர் அந்நேரம் எலுமிச்சைத் தோப்பில் தனியாகக் காய் பறித்துக்கொண்டிருப்பான் என்பது ஊருக்கே தெரியும். ரொசெந்தோ சொன்னால் செய்கிறவன். போன வருடம் சீட்டாட்டத்தில் ஒருவன் காதை அறுத்தவன்.

பார்சலைப் பார்த்ததும் கத்தியை மேசையில் வைத்தான். கொலைக்கே கிளம்பினாலும், பார்சலில் வந்த சிலந்தியைப் பெட்டியில் விட்டுத் தண்ணீர் வைக்காமல் எங்கள் கொலீமாவில் எந்தச் சிலந்திக்காரனும் வாசல் தாண்ட மாட்டான்.

அவன் பிழைப்பே டரன்டுலா என்கிற உள்ளங்கை அகல முடிச்சிலந்திதான். பொந்தின் வாயைத் தோண்டி, உள்ளே புல்தண்டை விட்டுக் கிச்சுக்கிச்சு மூட்டி, வெளியே வருகிற சிவப்புமுட்டிச் சிலந்தியை அள்ளுவான். காலுறைக்குள் சுருட்டி ஹனோவரில் இருக்கும் ஜெர்மன்காரன் டீட்டருக்கு அனுப்புவான். இங்கே மலையிலிருந்து ஒன்றை எடுத்தால் ஜெயில். அங்கே அதே சிலந்தியை ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பெயர்ச்சீட்டு ஒட்டி, மேசைமேல் வைத்து விற்கிறார்களாம்.

பதிலுக்கு டீட்டர் வேறு தேசத்துச் சிலந்திகளை அனுப்புவான். கடிதப் போக்குவரத்து எல்லாம் இங்கிலீஷில். மன்சனீயோ துறைமுகத்து ஓட்டலில் எட்டு வருடம் படுக்கை விரித்த புண்ணியத்தில், வீட்டில் அந்த பாஷை தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

"படிடி, இங்கிலீஷ்காரி."

ஒரே ஒரு தாள். வாயில் ஊறிய ரத்தத்தை விழுங்கிவிட்டு ஆரம்பித்தேன்.

"இது இந்தியாவுல மரப்பொந்துல இருக்கற சாதியாம். நம்ம ஊருது மாதிரி முடி உதறாதாம், கடிக்குமாம். கையால தொடவே கூடாது, நீள இடுக்கியாலதான் எடுக்கணும்னு எழுதியிருக்கான்."

ரொசெந்தோ விழுந்து விழுந்து சிரித்தான்.

"ஜெர்மன்காரன் பொண்டாட்டியையே இடுக்கியாலதான் தொடுவான்டி!"

டீட்டர் அனுப்பும் படங்களைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். கண்ணாடிப் பெட்டி, வெப்பமானி, கையுறை, இடுக்கி. எங்கள் ஊர் ஆண்களோ போதை ஏறினால் சிலந்தியைத் தொப்பியில் ஏற்றிக்கொண்டு ஆடுவார்கள். அவர்களுக்கு ஒரே ஒரு பயம்தான். கோபம் வந்தால் அது பின்னங்காலால் தன் வயிற்று முடியை உதறும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கண்ணைக் காத்துக்கொண்டால் மற்றதெல்லாம் விளையாட்டு.

கல் உடைப்பவர்கள் போடுகிற கண்ணாடியை எடுத்து ரொசெந்தோ கவனமாக மாட்டிக்கொண்டான்.

"இடுக்கி அடுப்படியில இருக்கு. எடுத்துட்டு வரட்டுமா?" என்றேன்.

புறங்கையால் வாயில் ஒன்று வைத்தான். ஆடிக்கொண்டிருந்த பல் விழுந்தது.

பிறகு அதே கையை டப்பாவுக்குள் விட்டான்.

சாம்பல் நிறத்தில், தட்டையாக ஒட்டிக் கிடந்தது. வழக்கம்போல அதன் பின்பக்கத்தை ஒரு விரலால் நீவினான். அது முடி உதறவில்லை. மணிக்கட்டில் ஏறிக் கடித்தது. அவன் கையை உதறவும் கட்டைவிரலடியில் மறுபடி கடித்தது.

கத்திக்கொண்டே கையைச் சுவரில் ஓங்கி அடித்தான். சிலந்தி நசுங்கிச் சுவரில் வழிந்தது. அவன் அடிப்பதை நிறுத்தவில்லை. விரல் எலும்பு ஒன்று முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

அப்போதும் அவனுக்கு நபோர் ஞாபகம்தான். கத்தியை எடுத்தான். விரல்கள் மடங்கவில்லை, கத்தி கீழே விழுந்தது. இடது கையால் எடுக்கக் குனிந்தவன் அப்படியே முழங்காலில் விழுந்து வாந்தி எடுத்தான். வலி அக்குளைத் தாண்டி மார்புக்கு ஏறிவிட்டது என்று முனகினான். கண்ணாடி மட்டும் மூக்கின்மேல் கோணாமல் இருந்தது.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை எதற்கு மறைக்க வேண்டும்?

"மருந்து என்னன்னு எழுதியிருப்பான். படி... படிம்மா."

பதினோரு வருடத்தில் அவன் என்னை 'அம்மா' போட்டுக் கூப்பிட்டது அன்றைக்குத்தான்.

தாளை மறுபடி விரித்தேன்.

"மருந்து கிடையாதாம். பொறுத்துக்கணுமாம். போகப் போகப் பழகிடும்னு எழுதியிருக்கான்."

கத்தியை எடுத்துக்கொண்டு அவனைத் தாண்டி வெளியே வந்தேன். தோப்புக்குப் போகிற வழியெல்லாம் ஓட்டமும் நடையும்தான். நபோர் ஏணிமேல் நின்று பாடிக்கொண்டிருந்தான். என் வாயைப் பார்த்ததும் பாட்டு நின்றது.

என் முகம் துடைக்க அவன் துணி நனைத்து வருவதற்குள் அந்தத் தாளை நாலாகக் கிழித்து வாய்க்காலில் விட்டேன். அதில் இருந்தது மொத்தமே மூன்று வரி. ஹனோவரில் மழை விட்டபாடில்லை. சிலந்தி நலமாக வந்து சேரும் என்று நம்புகிறேன். கடிதங்களை இவ்வளவு அக்கறையாக எழுதும் உங்கள் மனைவிக்கு என் வணக்கம்.

நான் வேண்டாம் என்ற எதையும் ரொசெந்தோ செய்யாமல் விட்டதில்லை. அதனால்தான் அந்த எச்சரிக்கையை நானாகவே சேர்த்துப் படித்தேன்.

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. இருப்பதிலேயே மோசமாகக் கடிக்கிற சாதி எது என்று ஜனவரியில் நான் கேட்டபோதே, டீட்டர் எல்லாவற்றையும் விளக்கமாக எழுதியிருந்தான்.