தொட்டியில் வெந்நீர்

"மூணு மாசமா எங்க வீட்ல இதுதான் சார். சமைக்கிற சூட்டுலயே பக்கத்துத் தொட்டியில வெந்நீர் ரெடி. வீட்டுக்காரிக்குப் பாதி வேலை மிச்சம்!"

தான் வடிவமைத்த அடுப்பைப் பெருமையாகத் தட்டினார் பொறியாளர். மத்தியானத்தில் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வந்திருந்த கம்பெனி அதிகாரி, அடுப்பை முக்கால் மணி நேரம் எரியவிட்டுத் தொட்டிக் குழாயைத் திறந்தார். பச்சைத் தண்ணீர்தான் வந்தது.

"காலையில கொதிக்கக் கொதிக்க வந்துச்சே சார்!" என்று அசடு வழிந்தார் பொறியாளர்.

அதிகாரி போனதும் மனைவி மெல்லச் சொன்னாள்: "அது முத நாள்லேர்ந்தே சூடாகலைங்க. உங்க முகம் வாடிடும்னு, பழைய அடுப்புல காய்ச்சி, நீங்க எந்திரிக்கிறதுக்குள்ள தொட்டியில ஊத்திடுவேன்."

அவர் தலை நிமிராமலே கேட்டார்:

"முன்னல்லாம் எத்தனை மணிக்கு எந்திரிப்ப?"

"ஆறு மணிக்கு."

"இப்ப?"

"நாலரைக்குங்க."