கொசுவின் வாய்மொழித் தேர்வு

நான் ஒரு பெண் கொசு. 'எங்கள் தெருவில் காய்ச்சல் பரவுவதற்கான காரணங்கள்' என்பதுதான் முனைவர் பட்டத்துக்கு நான் எடுத்துக்கொண்ட தலைப்பு. சும்மா சொல்லக் கூடாது, களப்பணியில் என்னை மிஞ்ச ஆளில்லை. வீடு வீடாகப் போய், கைக்குழந்தையைக்கூட விடாமல், நானே கடித்து ரத்த மாதிரி எடுத்தேன்.

வாய்மொழித் தேர்வு ஒரு குளியலறைச் சுவரில் நடந்தது. வெளித்தேர்வாளராகப் பல்லி ஐயா வந்திருந்தார். வறுமை, சாக்கடை, குடிநீரில் குளோரின் அளவு என்று காரணங்களை அடுக்கினேன். அவர் கண் இமைக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆய்வில் அவ்வளவு ஈடுபாடு போலிருக்கிறது என்று பூரித்துப்போனேன்.

பார்வையாளர்களிலிருந்து ஒரு கட்டெறும்பு எழுந்தது.

"மேடம், நீங்க மாதிரி எடுத்த வீட்டுல எல்லாம் அடுத்த வாரமே காய்ச்சல் வந்திருக்கு. நீங்க நுழைய முடியாத, ஜன்னலுக்கு வலை போட்ட வீட்டுல மட்டும் யாருக்கும் வரலையே, ஏன்?"

"நல்ல கேள்வி" என்றேன். பதில் இல்லாதபோது நாங்கள் அப்படித்தான் சொல்வோம். "ஆனால், அது என் ஆய்வு எல்லைக்குள் வராது."

கைதட்டினார்கள். பட்டத்துக்குப் பரிந்துரைப்பதாகப் பல்லி ஐயா அறிவித்தார். கூட்டம் டீ குடிக்கக் கலைந்தது.

தேர்வு முடிந்ததும் தேர்வாளருக்கு மாணவர்தான் சாப்பாடு போட வேண்டும் என்பது எங்கள் துறை வழக்கம். பல்லி ஐயா மெல்ல என் பக்கத்தில் வந்தார்.

"சாப்பாடு எங்கேம்மா?"

அப்போதுதான் சுற்றுமுற்றும் பார்த்தேன். சுவரில் நாங்கள் இரண்டு பேர் மட்டுமே இருந்தோம்.