எட்டு வண்ண வரைபடம்

"என்னய்யா இது? கலர் எங்கய்யா?"

பலகையைச் சுற்றியிருந்த தாளைப் பிரித்த விஸ்வநாத் பதறிப்போய்க் கேட்டார். மதுரை நகரப் பேருந்துகளுக்கான புதிய வரைபடம் அது. எட்டு வழித்தடங்களுக்கு எட்டு வண்ணம் என்று அவர்தான் மேலிடத்தில் பெருமையாகச் சொல்லிவைத்திருந்தார். வந்திருந்ததோ முழுக்கக் கறுப்பு வெள்ளை.

"மெஷின் கோளாறாம் சார். அடுத்த வாரம் வேற அடிச்சுத் தாரேங்கிறாக," என்றார் பலகையைக் கொண்டுவந்த மருது.

"பார்வையிட அதிகாரிங்க கெளம்பிட்டாங்கய்யா! சரி, மாட்டு. திட்டை நான் வாங்கிக்கிறேன்."

வண்டியூர் தெப்பக்குளம் நிறுத்தத்தில் பலகை ஏறியது. மருது ஏணியைவிட்டு இறங்குவதற்குள், இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் வந்து நின்றாள். கோட்டின் மேல் விரலை ஓட்டினாள்.

"ரெட்டைக் கோட்டுல பெரியார் பஸ் ஸ்டாண்டு. அங்க எறங்கிப் புள்ளிக் கோட்டுக்கு மாறினா திருப்பரங்குன்றம். இம்புட்டுத்தானா!"

வந்த பேருந்தில் ஏறிப் போயே விட்டாள்.

விஸ்வநாத் திரும்பிப் பலகையைப் பார்த்தார். ஒரு தடம் இரட்டைக் கோடு, ஒன்று புள்ளி, ஒன்று அலை, ஒன்று சங்கிலி. ஒன்றைப் போல இன்னொன்று இல்லை. வண்ணங்களுக்கு அடியில் இப்படி ஒரு வேலை நடந்திருப்பதை இத்தனை நாள் அவர் கவனித்ததே இல்லை.

"மாப்ள, அலைக் கோட்டு பஸ் வருது, ஓடியா!" என்று கல்லூரிப் பையன் ஒருவன் கத்தினான். யாரும் யாரிடமும் வழி கேட்கவில்லை.

வரைபடத்தை உருவாக்கிய அசீம் அப்போதுதான் வந்து சேர்ந்தான். வெயிலில் ஒருபோதும் கழற்றாத கறுப்புக் கண்ணாடி. பலகையில் மூக்கு உரசும் அளவுக்குக் குனிந்து பார்த்தான்.

"அச்சு அருமையா வந்திருக்கு சார்."

தன்னைத் தேற்றத்தான் சொல்கிறான் என்று நினைத்த விஸ்வநாத், அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "கலர் மொத்தமும் போயும் ஜனங்க தடுமாறலையே அசீம்! இப்படி ஆகும்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

அசீம் திகைத்துப்போய்ப் பலகையைப் பார்த்தான்.

"கலர் போயிருச்சா சார்? அதெல்லாம் என் சம்சாரம் சாதிகா போட்டது. எனக்குப் பிறந்ததுல இருந்தே கறுப்பு வெள்ளைதான் தெரியும்!"